புது ஊரில் யாரிடம் எதைக் கேட்பது?

கேள்வி: அடுத்த மாதம் சென்னை, பழைய மகாபலிபுரம் சாலையில் வேலைக்குச் சேர்கிறேன். அங்கே தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. வாடகை வீடு பார்க்க யாரிடம் விசாரிப்பது? புரோக்கர் சொல்வதை மட்டும் நம்பலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: போனதும் வீடு பிடித்துவிடாதீர்கள். முதல் மூன்று, நான்கு வாரம் பெருங்குடி, துரைப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் ஏதாவது ஹாஸ்டலில் மாதக் கணக்கில் தங்குங்கள். முன்பணம் கொடுத்து மாட்டிக்கொண்டு தவிப்பதைவிட இந்தச் செலவு குறைவு.

புரோக்கர் காலி வீட்டைக் காட்டுவார். அது ஏன் காலியானது என்று சொல்லமாட்டார், வீடு முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். அந்தக் காரணம் தெரிந்தவர் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கிறவர். யார் வந்தார்கள், எந்த வீட்டில் ஆள் தங்குவதே இல்லை, எந்த ஓனர் முன்பணத்தைத் திருப்பித் தர இழுத்தடிப்பவர் என்பதெல்லாம் அவர் காதுக்கு வந்துவிடும். காலையில் பள்ளி, ஆபீஸ் அவசரத்தில் போய் நிற்காதீர்கள். பதினொரு மணிக்கு மேல் இரண்டு சட்டையைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள்.

“ஏரியா நல்லா இருக்குமா?” என்று கேட்டால் “நல்லா இருக்கும்” என்றுதான் பதில் வரும். “2015-லயும் 2023-லயும் இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேளுங்கள். அந்த இரண்டு டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்தவர் கையை முழங்காலிலோ இடுப்பிலோ வைத்துக் காட்டிவிடுவார். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் வீடு பார்ப்பவர் இந்தக் கேள்வியை விடவே கூடாது.

சொன்னதை உங்கள் கண்ணாலும் சரிபாருங்கள். வாசலில் நின்று பார்த்தால் தெருவைவிட வீடு தாழ்ந்திருக்கிறதா? பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதால் பல பழைய வீடுகள் இப்படிப் பள்ளத்தில் இறங்கிவிட்டன. காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறைக்கோடு, மேடை கட்டி ஏற்றிவைத்த மோட்டார், வழக்கத்துக்கு மேல் உயரத்தில் மாட்டிய மீட்டர் பெட்டி, இவற்றில் எதைப் பார்த்தாலும் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்குமோ என்று கேட்டுவிடுங்கள். புதுப் பெயின்ட் கறையை மறைத்துவிடும், மோட்டார் மேடையை மறைக்காது.

தண்ணீரைப் பற்றி கேன் போடுபவரிடம் கேளுங்கள். “இந்த பில்டிங்ல ஒரு வீட்டுக்கு வாரத்துக்கு எத்தனை கேன் போடுறீங்க?” என்பது கேள்வி. நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு நாளுக்கு ஒரு 20 லிட்டர் கேன் என்றால் குடிக்க மட்டும். தினம் ஒன்றென்றால் சோறு வடிப்பதும் கேன் தண்ணீரில்தான், போர் தண்ணீர் உப்பாக இருக்கும். மே மாதம் லாரித் தண்ணீர் வாங்கினார்களா, அந்தக் காசு யார் தலையில் விழுகிறது என்பதை ஏற்கெனவே குடியிருப்பவரிடம் கேட்க வேண்டும்.

உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. சென்னையில் பல மளிகைக் கடைகள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சிகள் நடத்துபவை. “எந்த ஊரு தம்பி?” என்று அவர்களே கேட்பார்கள். ஊரைச் சொன்னால் போதும், பேச்சு தானாக வளரும். ஆனால் கடைக்காரர் தன் வாடிக்கையாளரான ஓனரைப் பற்றிக் குறை சொல்லத் தயங்குவார். அவரிடம் சமையல்காரம்மா, பிளம்பர், எலக்ட்ரீஷியன் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: ஓனர் பத்து மாத முன்பணம் கேட்கிறார். மின்சாரத்துக்கு யூனிட் கணக்கில் தனியாகத் தரச் சொல்கிறார். இதுதான் வழக்கமா?
– வாசகர், சேலம்

பதில்: பத்து மாதம் சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. ஆனால் இருவரும் ஒப்பந்தத்தில் வேறு தொகைக்கு ஒத்துக்கொண்டால் அது செல்லும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே பேசிக் குறைக்க வேண்டும். மேல்மாடிக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று விசாரித்துவிட்டுப் பேச உட்காருங்கள். மின்சாரத்தில், உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா, ஓனர் இணைப்பிலிருந்தே பிரித்துக் கணக்குப் பார்க்கும் சப் மீட்டரா என்று பாருங்கள். தனி இணைப்பென்றால் அரசு தரும் இலவச யூனிட் உங்களுக்கே கிடைக்கும்.

கேள்வி: கல்யாணமாகி கும்பகோணத்திலிருந்து தாம்பரம் வந்து நான்கு மாதம் ஆகிறது. அவர் வேலைக்குப் போனபின் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. எதிர்வீட்டுக் கதவு எப்போதும் மூடியே இருக்கிறது. எப்படிப் பழகுவது?
– வாசகி, தாம்பரம்

பதில்: கும்பகோணத்துத் திண்ணைப் பழக்கத்தை அடுக்குமாடியில் எதிர்பார்த்ததால்தான் இந்த வருத்தம், அம்மா. மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவரும் உங்களைப் போலவே வெளியூரிலிருந்து வந்தவராக இருக்கலாம்.

இங்கே பழக்கம் வாசலில் ஆரம்பிப்பதில்லை, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் ஆரம்பிக்கிறது. ஒரு பூங்காவைத் தேர்ந்தெடுத்து தினம் அதே ஆறரை மணிக்கு நடங்கள். ஒருநாள் ஆறு, ஒருநாள் எட்டு என்று போனால் ஆறு மாதமானாலும் எல்லாரும் புதுமுகம்தான். முதல் வாரம் சிரிப்பு, இரண்டாம் வாரம் “நேத்து வரலையே?”. அதற்கப்புறம் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம்.

உதவி கேட்பது உதவி செய்வதைவிட வேகமாக நெருக்கம் தரும். “பிளவுஸ் நல்லாத் தைக்கிறவங்க யாருக்கா?” என்று கேளுங்கள். சொன்ன இடத்தில் தைத்துவிட்டு வந்து, “நீங்க சொன்ன மாதிரியே கை சரியா வந்துச்சு” என்று சொல்ல மறக்காதீர்கள். இந்த இரண்டாவது பேச்சைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பழக்கமும் அங்கேயே அறுந்துபோகிறது. யாராவது கிண்ணத்தில் குழம்பு கொடுத்தால் வெறும் கிண்ணமாகத் திருப்பாதீர்கள், நாலு எலுமிச்சம்பழமாவது போட்டுக் கொடுங்கள். நவராத்திரி வந்தால் கொலு வைத்திருக்கும் வீடுகளுக்குப் போங்கள். ஒன்பது நாளில் அந்தக் கட்டடமே அறிமுகமாகிவிடும்.

முதல் மாதத்தில் வாடகை எவ்வளவு, குழந்தை இருக்கிறதா, எந்தச் சாதி என்று கேட்காதீர்கள். உங்களிடம் யாராவது கேட்டால் பதில் சொல்லியாக வேண்டியதில்லை. சீட்டுப் போடக் கூப்பிட்டால் ஒரு வருஷம் பழகாமல் சேராதீர்கள், எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் சரி.

கேள்வி: சென்னையில் வழி கேட்டால் மேப்பில் இல்லாத பெயராகச் சொல்கிறார்களே?
– வாசகர், ஓசூர்

பதில்: பழைய பெயர்கள் வாயில் நிற்கின்றன. மவுண்ட் ரோடு என்றால் அண்ணா சாலை, பூந்தமல்லி ஹைரோடு என்றால் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை, எல்.பி. ரோடு என்றால் அடையாறிலிருந்து திருவான்மியூர் போகும் சாலை. கதவு எண்ணிலும் கவனம் வேண்டும். பல தெருக்களில் புது எண், பழைய எண் என்று இரண்டு உண்டு. முகவரி வாங்கும்போது இரண்டையும், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பஸ் ஸ்டாப் பெயரையும் சேர்த்து வாங்குங்கள். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால், சவாரி வேண்டுமா வழி மட்டுமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரு நாய், குப்பை, எரியாத விளக்கு என்று மாநகராட்சி சம்பந்தப்பட்டதெல்லாம் 1913. புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி கூப்பிடும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.