தாலியும் தாளும்

தங்கைக்கு,

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்காக அம்மாபேட்டை வீட்டுக்கு வந்திருக்கும்போது உன் கடிதம் கைக்குக் கிடைத்தது. நீ சேலத்து இந்துப் பெண். உன்னை மணக்கப்போகிறவர் ஏற்காட்டுக் கத்தோலிக்கர். அவருக்கு ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. "எங்கள் கல்யாணம் அங்கே செல்லுமா அக்கா? மதத்தை விட்டுவிடச் சொல்வார்களா? குழந்தை பிறந்தால் அரசாங்கமே தூக்கிக்கொண்டு போய்விடுமாமே?" என்று கேட்டிருக்கிறாய். பத்தொன்பது வருடமாக அதே ஊரில் குடும்பம் நடத்துகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கல்யாணம். எங்கள் திருமணம் சுகவனேசுவரர் கோயிலில் நடந்தது. மொய் நோட்டு இரண்டு நிரம்பியது. பதிவு செய்ய வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. விசாவுக்குப் போனபோது என் கையில் இருந்தவை பத்திரிகையும் ஆல்பமும்தான். அதன்பிறகு பதிவு செய்து, பெயரில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தி, ஆவணங்களைச் சரிபார்த்து முடிப்பதற்குள் ஒன்பது மாதம் ஓடிவிட்டது. என் கணவர் அங்கே, நான் இங்கே. அந்த ஒன்பது மாதத்தை இன்னொரு பெண் அனுபவிக்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு கல்யாணம் நடந்த நாட்டின் சட்டப்படி சரியாக நடந்திருந்தால் ஜெர்மனியும் அதை ஏற்கும். ஆகவே நீ கவலைப்பட வேண்டியது சேலத்தில் நடப்பதைப் பற்றித்தான். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. அதற்கு இருவருமே இந்துவாக இருக்க வேண்டும். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சியில் 1967-இல் சட்ட அங்கீகாரம் கொடுத்தார்களே, அந்த 7-ஏ பிரிவும் அதே சட்டத்துக்குள்தான் இருக்கிறது. மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, தேவாலயத்தில் 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடத்துவது. இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். ஆயரின், அதாவது பிஷப்பின், அனுமதியைப் பங்குத்தந்தை வாங்கித் தருவார். அதற்காக நீ ஞானஸ்நானம் பெற வேண்டியதில்லை. இன்னொன்று 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். பதிவாளரிடம் விண்ணப்பித்தால் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். பிறகு மூன்று சாட்சிகள், கையெழுத்து, சான்றிதழ்.

அந்த 30 நாளை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இருவருடைய பெயரும் முகவரியும் பலகையில் தொங்கும். வீட்டுக்குத் தெரியாமல் மணக்க நினைக்கும் எத்தனை பேருக்கு அது ஆபத்தாக முடிந்திருக்கிறது! ஜெர்மனியில் நான் ஏறி இறங்கிய எந்த அலுவலகமும் இந்த அளவுக்கு என்னைப் பயமுறுத்தியதில்லை. உங்கள் இரண்டு வீட்டாரும் சம்மதித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அதனால் தயங்காமல் இந்த வழியிலேயே போ. சான்றிதழை வாங்கிக்கொண்டு கோயிலிலும் தேவாலயத்திலும் ஆசை தீரச் சடங்குகளைச் செய்யுங்கள். தேவாலயத் திருமணம் மட்டும் போதும் என்று முடிவெடுத்தால் 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிடு.

"கல்யாணத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் இருந்துவிடாதே. திருமணத்துக்குத் தடை இல்லை என்று உன் நாட்டுச் சான்றை அங்கே கேட்பார்கள். அவர்கள் கேட்கும் வடிவில் அப்படி ஒன்றை இந்தியாவில் தருவதில்லை. அதற்கு விலக்குக் கேட்டு ஜெர்மனியின் மாநில உயர் நீதிமன்றத்துக்கு மனு அனுப்ப வேண்டும். ஜெர்மனியில் 1876 முதல் ஸ்டாண்டஸாம்ட் எனப்படும் அரசுப் பதிவகத்தில் நடப்பது மட்டும்தான் திருமணம். அங்கே கையெழுத்துப் போடும்வரை எந்த மதகுருவும் திருமணச் சடங்கு நடத்தக் கூடாது என்ற விதிகூட 2008 முடியும்வரை இருந்தது. இப்போது அந்த விதி இல்லை. ஆனாலும் வெறும் சடங்கு உன்னைச் சட்டப்படி மனைவி ஆக்காது.

பெயரையும் இப்போதே கவனி. நம் இனிஷியல் அவர்களுக்குப் புரியாது. குடும்பப் பெயர் எது என்றுதான் கேட்பார்கள். என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. அப்பா போய் எட்டு வருடமாகிறது. மருத்துவமனையில் செவிலியர் கதவைத் திறந்து அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிடும்போது, எழுந்து நிற்பதற்கு எனக்கு ஒரு நொடி கூடுதலாக ஆகிறது. பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் மூன்றிலும் உன் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

மதத்தை விடும்படி யாரும் கேட்க மாட்டார்கள். அடிப்படைச் சட்டம் எனப்படும் அவர்களுடைய அரசியலமைப்பின் 4-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. டார்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஹம் நகரில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002-இல் குடமுழுக்கு நடந்தது. சுற்றிலும் தொழிற்கூடங்கள், நடுவில் நம் ஊர்க் கோபுரம். தேர்த் திருவிழாவின்போது காவடியோடு வரும் கூட்டத்துக்குப் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வழிவிடுவதை முதல் தடவை பார்த்தபோது அழுதுவிட்டேன்.

உன் அவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குடியேறியதும் நகராட்சியில் முகவரியைப் பதியும்போது மதம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் என்று எழுதினால் தேவாலய வரி பிடிப்பார்கள். அது அவர் கட்டும் வருமான வரியில் 9 சதவீதம்; சம்பளத்தில் அல்ல. பவேரியா, பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலங்களில் 8. உனக்கு இது கிடையாது. ஏற்காட்டில் பெற்ற ஞானஸ்நானமும் அங்கே கணக்கில் வரும். ஆகவே மறைக்காமல் எழுதச் சொல். வேண்டாம் என்றால் பிறகு உள்ளூர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்து விலகலாம். ஆனால் அப்படி விலகுகிறவர்களுக்கு நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் இல்லை என்று ஜெர்மானிய ஆயர்கள் 2012-இல் அறிவித்துவிட்டார்கள். பூசைக்குப் போகாமல் இருக்க முடியாத மனிதருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இனி குழந்தை. பெர்லினில் இந்தியப் பெற்றோரின் குழந்தை ஒன்றை 2021-இல் அரசுக் காவலுக்கு எடுத்துக்கொண்ட செய்தியைப் படித்துப் பயந்திருக்கிறாய். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. என் மகள் முதுகின் அடியில் நீலம் படர்ந்த மச்சத்தோடு பிறந்தாள். நம் குழந்தைகள் பலருக்கு இருந்து தானாக மறைகிற மச்சம்தான். பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் துணி மாற்றிய ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடிபட்ட காயமா என்று நேராகவே கேட்டார். எனக்குக் கை நடுங்கியது. குழந்தை பிறந்தவுடன் தருகிற மஞ்சள் அட்டைப் பரிசோதனைப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். முதல் பரிசோதனையின்போதே மருத்துவர் அந்த மச்சத்தைக் குறித்திருந்தார். ஆசிரியை அந்த வரியில் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். "கேட்க வேண்டியது என் கடமை" என்று சொல்லி என் தோளைத் தொட்டார். உனக்குக் குழந்தை பிறந்தால், இப்படி ஒரு மச்சம் இருந்தால், அந்தப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கு கண்ணு.

குழந்தையை வளர்ப்பது பெற்றோரின் இயற்கை உரிமை, கடமையும்கூட. அதைச் சமூகம் கண்காணிக்கும் என்று அதே அடிப்படைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது. இரண்டையுமே அவர்கள் உண்மையாக நினைக்கிறார்கள். 2000 முதல் பிள்ளையை அடிப்பது சட்ட விரோதம். நம் வீடுகளில் சாதாரணமாக விழும் அறையும் அதில் அடங்கும். அந்தச் சட்டத்தை நான் மனதார ஏற்கிறேன். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிக்கவைக்க முடியாது. யூகெண்டாம்ட் எனப்படும் குழந்தைகள் நல அலுவலகம் குழந்தையைக் காவலுக்கு எடுத்து, பெற்றோர் எதிர்த்தால், விஷயம் உடனே குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் கதவைச் சாத்தாதே. மொழிபெயர்ப்பாளரைக் கேள், வழக்கறிஞரைக் கேள், புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே. ஜெர்மன் மொழியை இன்றைக்கே படிக்கத் தொடங்கு. அங்கே பலருக்கு நேர்கிற துன்பம் தங்கள் நியாயத்தைத் தாங்களே சொல்ல முடியாததால் நேர்வதுதான்.

இரண்டு மதத்துப் பெற்றோராகப்போகும் நீங்கள் ஜெர்மனியின் 1921-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தையின் மதம் பெற்றோரின் உடன்பாட்டில் இருக்கிறது. 12 வயதுக்குப் பிறகு பிள்ளையின் விருப்பத்துக்கு எதிராக வேறு மதத்தில் வளர்க்க முடியாது. 14 ஆனால் பிள்ளையே முடிவெடுக்கும். என் மகளுக்கு மார்ச்சில் 14 முடிந்தது. "இனி ஹம் தேருக்கு வருவது என் விருப்பம் அம்மா" என்று சொல்லிவிட்டாள். வலித்தது. இந்த வருடம் நான் மட்டும்தான் போனேன். இப்போது பக்கத்து அறையில் பாட்டியோடு உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருக்கிறாள். நாளைக்குக் கோட்டைக்கு வருகிறாயா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

பதினெட்டாம் பெருக்கு வரை இங்கேதான் இருப்பேன். அவரையும் கூட்டிக்கொண்டு ஏற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வா. இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும் பிறப்புச் சான்றிதழையும் மறக்காமல் எடுத்து வா. பெயர்களை உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.