காட்டு விலங்குகளை மீட்கும் கால்நடை மருத்துவர் ஆவது எப்படி?

தமிழ்நாட்டில் இதற்கெனத் தனி இளநிலைப் பட்டப்படிப்பு கிடையாது. பிற கால்நடை மருத்துவர்களைப் போலவே ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்.சி. (கால்நடை மருத்துவ இளநிலைப் படிப்பு) முடித்து, கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். வனத்துறையின் மருத்துவர்கள் பெரும்பாலும் கால்நடைப் பராமரிப்புத் துறையிலிருந்து அயற்பணியில் வருபவர்கள். அதாவது, மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டுப் பழகிய கைதான் பின்னர் யானையைத் தொடுகிறது.

முதுமலை, டாப்சிலிப் முகாம்களில் யானைகளுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பலரைக் கொன்றதால் 1998-இல் கூடலூர்ப் பகுதியில் பிடிக்கப்பட்ட மக்னா (தந்தமில்லாத ஆண்) யானையின் உடலில் குண்டுக் காயங்கள் இருந்தன. அவரது சிகிச்சையில் தேறிய அது, அவர் பெயராலேயே 'மூர்த்தி' என அழைக்கப்பட்டது.

இப்பணியில் துணிச்சலைவிடக் கணக்கே முக்கியம் என்பது என் கருத்து. எடையைத் தொலைவிலிருந்தே மதிப்பிட்டு மயக்க மருந்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருப்பதால், மயங்கும்போது அது நெஞ்சு தரையில் அழுந்தப் படுத்துவிட்டால் மூச்சுத் திணறும், உடனே பக்கவாட்டில் சாய்த்தாக வேண்டும். விருப்பமுள்ளவர்கள் முதுநிலையில் வனவிலங்கு அறிவியலைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் முகாம் பாகர்களிடம் கற்பதை எந்த வகுப்பறையும் தருவதில்லை.