கொத்தமல்லியைத் தொடவில்லை என்றால்...

கேள்வி: மகன் ஆசைப்பட்டான் என்று இரண்டு கினி பிக் (புல் தின்னும் சிறு வளர்ப்புப் பிராணி) வாங்கினோம். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, அதில் ஒன்று கொத்தமல்லித் தழையைத் தொடவில்லை. சனிக்கிழமை முழுக்க மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டலாம் என்றிருந்தோம். ஞாயிறு விடியற்காலையில் இறந்துவிட்டது. எதைக் கவனிக்கத் தவறினோம்? இன்னொன்றையாவது காப்பாற்ற வேண்டும். (ஒரு வாசகி, கரூர்)

பதில்: கடிதத்தைப் படித்து மனசு கனத்துப் போனதம்மா. நீங்கள் கவனிக்காமல் இல்லை. கொத்தமல்லியைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதல் அறிகுறி. நாய் ஒரு நாள் தின்னாவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம். கினி பிக்குக்கு அது ஆகாது. புல்லும் தழையும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் இதன் குடல் அசையும். தீனி நின்றால் குடல் மந்தமாகும், வாயு கட்டும், அந்த வலியில் இன்னும் தின்னாது. 12 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானாலும்தான்.

புழுக்கையையும் பாருங்கள். வழக்கமாக நீள உருண்டையாக, நிறையப் போடும். அது மிளகளவுக்குச் சிறுத்தாலோ, குறைந்தாலோ உள்ளே ஏதோ சரியில்லை.

கல்லூரி மாணவி ஒருத்தி அட்டைப்பெட்டியில் கினி பிக் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தாள். "தீனியைப் பார்த்தா ஓடி வருது டாக்டர், ஆனா இளைச்சுட்டே போகுது" என்றாள். வெள்ளரித் துண்டு ஒன்றை நீட்டினேன். ஆசையாக வந்து கவ்வியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து இரண்டு முறை மென்று பார்த்துவிட்டு, அப்படியே கீழே போட்டுவிட்டது. தாடைக்குக் கீழே முடியெல்லாம் எச்சிலில் நனைந்து ஒட்டியிருந்தது. வாயைத் திறந்து பார்த்தால், இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களும் வளர்ந்து நாக்கின் மேல் பாலம் போட்டிருந்தன. இதற்குப் பற்கள் ஆயுசுக்கும் வளரும். புல் மென்றுதான் தேய வேண்டும். மயக்க மருந்து கொடுத்துப் பல்லைச் சீர்செய்து, சில நாள் சிரிஞ்சில் கூழ் ஊட்டிய பிறகு தானாகத் தின்ன ஆரம்பித்தது.

அதனால்தான் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். நோயை இது கடைசிவரை மறைக்கும், எடை மறைக்காது. வளர்ந்த கினி பிக் 50 கிராம் குறைந்தால் உன்னிப்பாகப் பாருங்கள். 100 கிராம் குறைந்தால் கிளம்பிவிடுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, வயிறு மத்தளம்போல் இறுகினாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, தலை ஒரு பக்கம் கோணிக்கொண்டாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். நடக்கத் தயங்கினால் வைட்டமின் சி குறைவாக இருக்கலாம். நம்மைப்போலவே இதற்கும் உடம்பில் அது ஊறாது. தினம் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுங்கள். கினி பிக் தன் முகத்தைக் கழுவும்போது அதன் கண்ணில் பால்போல் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இயல்பு.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். வீட்டில் குழந்தைக்கு வாங்கி மிஞ்சிய அமாக்ஸிசிலின் சிரப்பைக் கொடுத்துவிடாதீர்கள். குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து கினி பிக்கையே கொன்றுவிடும்.

மிச்சமிருப்பது நன்றாகத் தின்றாலும் இந்த வாரமே காட்டிவிடுங்கள். இரண்டும் ஒரே கூண்டில் இருந்தவை. உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். பெட்டியில் துண்டு விரித்து, வழியில் தின்னக் கொஞ்சம் புல் போடுங்கள். அன்றைய புழுக்கையை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள், டாக்டர் கேட்பார்.