எந்தப் பெல்லட், எந்தத் தோட்டா? சுடுநர்களின் கேள்விகளுக்குப் பதில்

என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் சுடுகிறாள். 60 குண்டுகளுக்கு 606 வரை எடுக்கிறாள். விலை உயர்ந்த ஜெர்மன் பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சிறு ஈயக் குண்டு) வாங்கிக் கொடுத்தால் மதிப்பெண் ஏறுமா? (மதுரையிலிருந்து ஒரு தாய்)

ஏறாது அம்மா. கணக்கைப் பாருங்கள். இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். 4.5 மி.மீ. அகலக் குண்டின் விளிம்பு அதைத் தொட்டாலே போதும் என்பதால், துளையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் இருந்தால் 10.0. அதன்பின் ஒவ்வொரு 0.25 மி.மீ. நெருக்கத்துக்கும் ஒரு தசமப் புள்ளி கூடும். உங்கள் மகளின் சராசரி 10.1 என்றால், அவள் குண்டுகள் மையத்திலிருந்து ஏறத்தாழ 2 மி.மீ. தள்ளி விழுகின்றன. நல்ல ரைஃபிளைப் பிடிப்பானில் இறுக்கிச் சுட்டால், சாதாரண போட்டித் தரப் பெல்லட்கூட ஒரே துளையைக் கொஞ்சம் அகலப்படுத்துவதோடு நின்றுவிடும். அந்த 2 மி.மீ.யில் பெரும்பங்கு தோளிலும் மூச்சிலும் விசையை இழுக்கும் விரலிலும் இருக்கிறது. நடுத்தர விலைப் பெல்லட்டில் பயிற்சி செய்யட்டும். மிச்சமாகும் பணத்தில் நல்ல சுடுசட்டை வாங்குங்கள்.

நான்கு வகைப் பெல்லட்களில் மூன்று மூன்று குண்டு சுட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் ஒரே துளையில் விழுந்தது. அதையே வாங்கலாமா? (கல்லூரி மாணவர், கோவை)

வேண்டாம், பொறுங்கள். இந்தத் தவறைச் செய்து பணத்தை இழந்தவன் நான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டப்பாவில் மூன்று குண்டு அழகாக விழுந்ததைப் பார்த்து மயங்கி, அதே லாட்டில், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான சரக்கில், இருபது டப்பா வாங்கினேன். மூன்றாம் வாரத்தில் பத்துப் பத்தாகச் சுட்டபோதுதான் தெரிந்தது, அது மற்றவற்றைவிடச் சற்று மோசம் என்று.

மூன்று குண்டு ஒன்றாக விழுவது பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஒரே ரைஃபிள், ஒரே பெல்லட், ஒரே கை. ஒரே இலக்கில் அடுத்தடுத்துச் சுட்ட துளைகளின் கூட்டத்தைக் குரூப் என்போம். மூன்று குண்டுக் குரூப்பின் சராசரி அகலம் 5 மி.மீ. என்றால், பத்துக் குண்டுக் குரூப் 8 மி.மீ. அளவுக்கு விரியும். எதுவும் கெட்டுப்போகவில்லை, சிதறலின் இயல்பே அப்படி. எனவே ஒவ்வொரு லாட்டுக்கும் பத்துக் குண்டு வீதம் குறைந்தது ஐந்து குரூப் சுடுங்கள். ஒரு லாட்டை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிச் சுடுங்கள். இல்லையென்றால் காலையில் சுட்டது நல்ல லாட், களைத்த பின் சுட்டது கெட்ட லாட் என்று ஆகிவிடும். முடிந்தால் பிடிப்பானில் வையுங்கள். அகலத்தை மட்டும் அளக்காமல், எல்லாத் துளைகளும் குரூப்பின் நடுவிலிருந்து சராசரியாக எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்றும் பாருங்கள். ஓரமாகப் போன ஒரே குண்டு அகலத்தைக் கெடுத்துவிடும். சராசரி அவ்வளவு எளிதில் ஏமாறாது.

ஐந்து குரூப்புக்குப் பிறகும் இரண்டு லாட்கள் சமமாக இருந்தால், அவை சமம்தான். மலிவானதை வாங்குங்கள்.

பெல்லட்டின் தலை அளவு 4.49, 4.50 மி.மீ. என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, எது சரி?

உங்கள் ரைஃபிளின் குழல் எதை விரும்புகிறதோ அது. பக்கத்துத் தடத்தில் சுடுபவருக்கு 4.50 பொருந்தியது என்பதால் உங்களுக்கும் பொருந்தும் என்பதில்லை. இருவரின் ரைஃபிளும் ஒரே நிறுவனத்துடையதாக இருந்தாலும்கூட. மேலே சொன்னபடி சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

50 மீட்டருக்கு .22 (அங்குலக் குழல் அளவு) தோட்டா வாங்கும்போது பெயரைவிட லாட் எண்தான் முக்கியம் என்கிறார்கள். உண்மையா? (சென்னை)

உண்மை. எலே, லாபுவா, ஆர்.டபிள்யு.எஸ். என்று தயாரிப்பு எதுவாக இருந்தாலும் ஒரே பெயருள்ள பெட்டிகளுக்குள்ளேயே லாட்டுக்கு லாட் வேறுபாடு உண்டு. அதனால்தான் சர்வதேச வீரர்கள் தங்கள் ரைஃபிளையே தயாரிப்பாளரின் சோதனைக் கூடத்துக்கு எடுத்துச் சென்று, பல லாட்களைச் சுட்டுப் பார்த்து, பிடித்த லாட்டை மொத்தமாக வாங்குகிறார்கள். லாபுவாவுக்கு ஜெர்மனியின் ஷோனபெக்கில் அப்படி ஒரு கூடம் இருக்கிறது.

வேகம் சீராக இருப்பது ஏன் முக்கியம்? நொடிக்கு ஏறத்தாழ 320 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டரை அடைவதற்குள் புவியீர்ப்பால் சுமார் 12, 13 செ.மீ. தாழ்கிறது. இரண்டு தோட்டாக்களுக்கிடையே நொடிக்கு 10 மீட்டர் வேறுபாடு இருந்தால், மேல்கீழாக 7 முதல் 8 மி.மீ. விலகல் வரும். பத்து வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். உங்கள் குரூப் பக்கவாட்டில் ஒடுங்கி, செங்குத்தாக நீண்டிருந்தால் முதலில் தோட்டாவைச் சந்தேகப்படுங்கள். பக்கவாட்டில் நீண்டிருந்தால் காற்றை.

ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறினால் முதல் பத்து, இருபது குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். குண்டின் மேல் பூசிய மெழுகோ கொழுப்போ குழலில் புதிதாகப் படிய வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் காரின் பின்பெட்டியில் தோட்டாவை விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயிர்சாதத்தைக்கூட அங்கே வைக்க மாட்டோம்.

டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா தன் ரைஃபிளுக்குத் தானே தோட்டா தயாரிக்கிறார். நாம் ஏன் .22-க்கு அப்படிச் செய்வதில்லை? (திருச்சி)

.22 தோட்டாவில் தீப்பற்றவைக்கும் கலவை அடிவிளிம்புக்குள் பரவியிருக்கிறது. ஊசி அதை நசுக்கித்தான் பற்றவைக்கும். நசுங்கிய தோட்டாக் கூடு மறுபடி உதவாது. உங்கள் சித்தப்பா பயன்படுத்துவது அடியின் நடுவில் பிரைமர் (தீப்பற்றவைக்கும் சிறு மூடி) உள்ள பெரிய தோட்டா. பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, கூட்டைச் சீராக்கி, புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு என்று மறுபடி நிரப்பலாம். அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. மருந்தின் எடை, குண்டு எவ்வளவு ஆழத்தில் அமர்கிறது, கூட்டின் கழுத்து அதை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாக மாற்றித் தங்கள் குழலுக்கு ஏற்றதைத் தேடுவார்கள். அங்கேயும் கோவை மாணவர் செய்த அதே தவறுதான்: ஒவ்வொரு அளவுக்கும் மூன்று குண்டு சுட்டு, மிகச் சிறிய குரூப்பை ‘கண்டுபிடிப்பு’ என்று குறித்துக்கொள்வார்கள். மறுநாள் அதே அளவு வேறு முகம் காட்டும்.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். சித்தப்பாவிடம் கதை கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நகைக்கடைத் தராசில் ஒவ்வொரு பெல்லட்டையும் நிறுத்துப் பிரிக்கலாமா?

செய்யலாம், பொழுது போகும். போட்டித் தரப் பெல்லட் சுமார் 0.53 கிராம், அதில் மிகச் சிறிய எடை வேறுபாடு 10 மீட்டரில் கண்ணுக்குத் தெரியாது. அதைவிட, பின்புறம் பாவாடைபோல் விரிந்த மெல்லிய விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கியதைப் பயிற்சிக்குக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். டப்பாவைக் கீழே போட்டுவிட்டால் நிச்சயம் சில நசுங்கியிருக்கும்.

இன்னொன்று: பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் கையைக் கழுவாமல் வடையைத் தொடாதீர்கள்.