கேட்டதும் சொன்னதும்: ஊரெல்லாம் ஹெர்மன்

சென்ற இதழ்க் குறுக்கெழுத்துப் புதிரில் 'நோபல் பரிசு பெற்ற ஜெர்மன் எழுத்தாளரின் முதற்பெயர், நான்கு எழுத்து' என்று ஒரு குறிப்பு கொடுத்திருந்தோம். விடை ஹெர்மன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. 'குந்தர்' என்று நிரப்பியவர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அவரும் ஜெர்மன்காரர்தான், அவரும் நோபல் வாங்கியவர்தான், அவருக்கும் நான்கு எழுத்துதான், எல்லாம் சரி. ஆனால் மேலிருந்து கீழ் வரும் 'மருதாணி'யின் 'ம' மூன்றாவது கட்டத்தில் வந்து நிற்கிறதே, அதை என்ன செய்வீர்கள்? போகட்டும். இந்த மாதம் முழுக்க ஹெர்மன்தான்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு ஜெர்மனியிலிருந்து புது மேனேஜர் வந்திருக்கிறார். பேர் ஹெர்மன். போர்வீரன் என்று அர்த்தமாம், அவரே சொன்னார். ஆளைப் பார்த்தால் கொசு அடிக்கக்கூட யோசிப்பவர் போல இருக்கிறார். உண்மையா? (வாசகர், சுங்கை நிபோங்)

பதில்: அர்த்தம் உண்மைதான். பழைய ஜெர்மானிய மொழியில் முன்பாதிக்குப் படை, பின்பாதிக்கு ஆள். நம் தமிழில் 'படையாள்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேருக்கு ஜெர்மனியில் இவ்வளவு மவுசு வந்ததற்கு ஒரு பழைய சண்டை காரணம். கி.பி. 9-ஆம் ஆண்டு, டொய்ட்டோபர்க் காட்டில் ரோமாபுரியின் மூன்று லெஜியன் படைகளை ஒரு ஜெர்மானியக் குலத்தலைவன் வளைத்துப் போட்டு அழித்தான். அவன் ரோமானியப் படையிலேயே இருந்து குடியுரிமையும் வாங்கியவன், அவர்கள் எப்படி நடப்பார்கள், எங்கே அகப்படுவார்கள் என்று அத்துப்படி. லத்தீன் நூல்கள் அவனை அர்மீனியஸ் என்கின்றன. சுமார் 1500 ஆண்டு கழித்து, லூத்தர் காலத்தில்தான் அவனுக்கு ஹெர்மன் என்று பேர் மாற்றினார்கள். அதாவது செத்து ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்து நடந்த பெயர்சூட்டு விழா. டெட்மோல்ட் ஊருக்குப் பக்கத்தில் மலைமேல் அவனுக்கு ஒரு பெரிய சிலை இருக்கிறது. 1838-இல் தொடங்கி 1875-இல் முடித்தார்கள், பீடத்தோடு சுமார் 53 மீட்டர், தூக்கிப் பிடித்த வாள் மட்டுமே 7 மீட்டர். பீடத்தைக் கழித்துவிட்டால் வாள்நுனி வரை 27 மீட்டர்கூட இல்லை, நம் பத்துமலை முருகன் 42.7 மீட்டர். மேனேஜர் ரொம்பப் பெருமை பேசினால் இதைச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று, கேன்டீன் அக்கா 'எர்மன்' என்று கூப்பிட ஆரம்பித்து அது எருமையில் போய் முடியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கேள்வி: புதிரில் வந்த ஹெர்மன் ஹெஸ்ஸே பினாங்குக்கு வந்திருக்கிறார் என்று என் மகன் சொல்கிறான். இணையத்தில் வருவதையெல்லாம் நம்புகிறவன் அவன். சரிதானா அண்ணே? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: பையன் சொன்னது சரி தங்கச்சி, இந்த முறை அவன் காதைத் திருகாதீர்கள். 1911-இல் வந்தார். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன், ஆசிரியர் பொறுத்துக்கொள்வார்.

கதையை அவருடைய தாத்தாவிடமிருந்து தொடங்க வேண்டும். தாத்தா பேரும் ஹெர்மன், ஹெர்மன் குண்டர்ட். பேரன் என்ற சொல்லே 'பெயரன்', தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்து வந்தது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நாம் அதை மறந்துவிட்டு எண்கணிதம் பார்த்து, ஒரு எழுத்தை இரண்டாகப் போட்டு, ஐ.சி.யில் யாராலும் வாசிக்க முடியாத பேராக வைக்கிறோம், அங்கே ஜெர்மனியில் ஒரு பேரன் ஒழுங்காகப் பெயரனாக இருந்திருக்கிறார்.

தாத்தா 1814-இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர், 1836-இல் சென்னையில் வந்து இறங்கினார். வந்ததும் தமிழ் படித்தார். திருநெல்வேலி, சித்தூர் என்று இருந்துவிட்டு, 1838-இல் கல்யாணம் முடிந்த கையோடு மனைவி ஜூலியுடன் மங்களூர் போய், அங்கிருந்து தலைச்சேரி. அங்கே இல்லிக்குன்னு பங்களாவில் உட்கார்ந்து அவர் மலையாளத்துக்குச் செய்ததைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். 1847-இல் மலையாளத்தின் முதல் செய்தித்தாள் அங்கிருந்துதான் வந்தது. இலக்கணம் எழுதினார். ஊருக்குத் திரும்பிய பிறகும் விடாமல் உழைத்து 1872-இல் மலையாள ஆங்கில அகராதியை முடித்தார். இன்றைக்கும் தலைச்சேரியில் அவருக்குச் சிலை இருக்கிறது. தமிழ் படித்துவிட்டு மலையாளத்துக்குப் போன மாப்பிள்ளை, என்ன செய்வது.

அவருடைய மகள் மரீ 1842-இல் தலைச்சேரியில் பிறந்தார். அந்த மரீயின் மகன்தான் நம் ஹெஸ்ஸே, 1877-இல் கால்வ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். தாத்தா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஒரு சின்னச் சாமி சிலை இருந்ததாம். பையன் அதையே பார்த்துக்கொண்டு வளர்ந்திருக்கிறான், பிற்பாடு எழுதியும் இருக்கிறான். தாத்தா இறந்தபோது அவனுக்கு வயது 15.

அப்புறம் 34 வயதில், ஓவியர் நண்பர் ஒருவரோடு ஜெனோவாவில் கப்பல் ஏறினார். பினாங்கில் தங்கியது ஈ அண்ட் ஓ ஹோட்டலில். லெபோ ஃபார்குவாரில் கடலைப் பார்த்து வெள்ளை வெளேர் என்று நிற்கிறதே, 1885-இல் தொடங்கியது, அதேதான். நானும் ஒரு தடவை மாமாவைக் கூட்டிக்கொண்டு அங்கே டீ குடிக்கப் போனேன். பில் வந்ததும் மாமா, 'இந்தக் காசுக்கு மாமாக் கடையில் ஒரு மாதம் தே தாரிக் குடிக்கலாமே' என்று அந்த வெள்ளைத் துணி விரித்த மேசையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கென்னவோ ஹெஸ்ஸே தூங்கிய அறை எது என்று கேட்க ஆசை. மாமா சொன்னதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

விஷயம் என்னவென்றால், அவர் இங்கிருந்து சிங்கப்பூர், சுமத்ரா, கடைசியில் இலங்கை என்று சுற்றினார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு படுத்தியது, அங்கிருந்தே கப்பல் ஏறிவிட்டார். அம்மா பிறந்த தலைச்சேரியைப் பார்க்கவில்லை, தாத்தா தமிழ் பேசிய திருநெல்வேலியைப் பார்க்கவில்லை, இந்தியப் பெருநிலத்தில் கால் வைக்கவே இல்லை. ஆனால் 1913-இல் வந்த பயண நூலுக்கு 'இந்தியாவிலிருந்து' என்றுதான் தலைப்பு. புத்தர் காலத்துக் கதையான 'சித்தார்த்தா' 1922-இல் வந்தது. அதைப் படித்து உருகுகிற யாரிடமாவது, இவர் இந்தியா வரைக்கும் வந்ததே இல்லை, எங்கள் பினாங்குக்குத்தான் வந்தார் என்று சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று. மகனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

கேள்வி: தாத்தா ஹெர்மன் மலையாளத்துக்குப் போய்விட்டார் என்றால், நமக்கு என்று ஒரு ஹெர்மன் இல்லையா? (முந்தைய பதிலை அச்சுக்கு முன்பே படித்துவிட்ட நம் அலுவலக நண்பர்)

பதில்: இருக்கிறார். ஹெர்மன் குல்கே, வரலாற்றாசிரியர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு சிதம்பரம் தலபுராணத்தைப் பற்றியது, 1970-இல் நூலாக வந்தது. இராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின்மேல் கப்பல் விட்டது பற்றி, நாகப்பட்டினத்திலிருந்து சுவர்ணதீவு வரை என்று ஒரு கட்டுரைத் தொகுப்பு சிங்கப்பூரில் வெளியானதே, அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவரும் இவர்தான். கடாரம் என்றால் நம் கெடா. பாலத்தைத் தாண்டினால் அரை நாளில் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இந்திய அரசு 2010-இல் இவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஹெர்மன் கிராஸ்மன். ஸ்டெட்டின் என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். 1844-இல் கணிதத்தில் ஒரு புத்தகம் எழுதினார். ஒருவரும் வாங்கவில்லை, புரியவும் இல்லை. 20 ஆண்டு கழித்துப் பதிப்பகத்தார் சுமார் 600 பிரதிகளைப் பழைய பேப்பராகப் போட்டுவிட்டார்கள். மனிதர் என்ன செய்தார் தெரியுமா, சரி போ என்று சமஸ்கிருதம் பக்கம் திரும்பி, ரிக் வேதத்துக்கு 1873 முதல் ஓர் அகராதியே கொண்டுவந்தார். டூபிங்கன் பல்கலைக்கழகம் மொழி ஆராய்ச்சிக்காக கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, அடுத்த வருஷம் 1877-இல் காலமானார். பேப்பர் கடைக்குப் போன அந்தக் கணிதம்தான் இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் திசையன், பரிமாணம் என்று நடத்துகிற பாடத்துக்கு அடித்தளங்களில் ஒன்று. நம்மூரில் சொந்தக் காசில் கவிதைப் புத்தகம் போட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாக வைத்திருக்கிற நண்பர்கள் எனக்கு நாலைந்து பேர் உண்டு, அவர்களிடம் நான் அடிக்கடி சொல்கிற கதை இது.

கேள்வி: எஸ்.பி.எம். எழுதப்போகும் என் மகள் சரித்திரப் பாடத்தை ராத்திரி மனப்பாடம் செய்கிறாள், காலையில் கேட்டால் பாதி இல்லை. இதற்கும் உங்களிடம் ஒரு ஹெர்மன் இருக்கிறாரா? (வாசகி, செந்தூல்)

பதில்: கிண்டலாகக் கேட்டாலும் இருக்கிறார் அம்மா. ஹெர்மன் எபிங்ஹவுஸ். மறதியை முதலில் அளந்து பார்த்தவர். அர்த்தமே இல்லாத மூன்றெழுத்து அசைகளாகச் சுமார் 2300 தயார் செய்து, தன்னையே சோதனை எலியாக்கி, வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். மறந்தபின் அதையே திரும்பப் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கு வைத்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது, மறுநாள் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம், ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. 1885-இல் வெளியிட்டார். விழுவது முதல் நாளில்தான் தடதடவென்று, அப்புறம் மெதுவாகத்தான். ஒரே ராத்திரியில் பத்துத் தடவை படிப்பதைவிட நாளுக்கு நாள் பிரித்துப் படித்தால் நிற்கும் என்பதும் அவர் கண்டதே. மகளைத் திட்டாதீர்கள், பாதி நிற்கிறது என்றால் எபிங்ஹவுஸைவிட அவள் தேவலாம். ஆனால் அவர் படித்தது அர்த்தமில்லாத அசை, இவள் படிப்பது மலாக்கா சுல்தானகம், அதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: கோரிங்கை ஏன் விட்டுவிட்டீர்கள்? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: விடவில்லை, தள்ளிப் போட்டேன். ஹெர்மன் கோரிங், ஹிட்லரின் விமானப்படைத் தளபதி. எதிரி விமானம் ஜெர்மனிமேல் பறந்தால் என் பேரை மையர் என்று மாற்றிக் கூப்பிடுங்கள் என்று சவடால் விட்டவர், குண்டு விழ ஆரம்பித்ததும் ஜனங்கள் அப்படியே கூப்பிட்டார்கள். 1946-இல் நியூரம்பர்க்கில் தூக்குத் தண்டனை, அதற்குச் சில மணி நேரம் முன்பு சயனைடு. இவருக்கு ஹெர்மன் என்ற பேர் வந்தது ஞானத்தந்தை ஹெர்மன் எப்பென்ஸ்டைனிடமிருந்து. அவர் யூத வம்சத்தில் வந்த மருத்துவர். மேலே நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

கேள்வி: மந்திரப் பள்ளிக்கூடக் கதையில் வரும் ஹெர்மாயனி, ஹெர்மனின் பெண்பாலா? (மாணவி, பட்டர்வொர்த்)

பதில்: இல்லை கண்ணு. அது கிரேக்கப் பேர், ஹெலனின் மகள் பேர். ஹெர்மனுக்குப் பெண்பால் ஹெர்மினா. ஹெஸ்ஸே 1927-இல் எழுதிய நாவலில் ஒரு முக்கியமான பெண்ணுக்கு அந்தப் பேரைத்தான் வைத்தார், தன் பேரையே புடவை கட்டி அனுப்பிய மாதிரி.

கேள்வி: இத்தனை ஹெர்மன்களில் சாமானிய மனிதனுக்கு உபயோகப்பட்டவர் யார்? (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். எனக்குச் சர்க்கரை உண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை கிளினிக்கில் கண் பார்ப்பார்கள். சொட்டு மருந்து விட்டு, எல்லாம் மங்கலானதும், டாக்டரம்மா கையில் ஒரு சின்ன விளக்குக் கருவியோடு அவர் குடித்த காப்பி வாசனை எனக்கு வருகிற அளவுக்கு முகத்துக்குப் பக்கத்தில் வந்து, 'மேலே பாருங்க அங்கிள், இப்ப காதுப் பக்கம்' என்பார். அந்தக் கருவியின் மூதாதை 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்தது. கண்மணி கருப்பாகத் தெரிவது ஏன்? உள்ளே போன வெளிச்சம் போன வழியிலேயே திரும்பி வருகிறது, அதைப் பார்க்க நாம் குனிந்தால் நம் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. அவர் ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்து, பக்கத்திலிருந்து வெளிச்சத்தை உள்ளே அனுப்பி, அதே தகட்டின் வழியாகப் பார்த்தார். அவ்வளவுதான். உயிரோடிருக்கும் மனிதனின் விழித்திரையை மருத்துவர்கள் தெளிவாகப் பார்க்க முடிந்தது அதற்கப்புறம்தான். சர்க்கரை கண்ணைத் தின்ன ஆரம்பித்தால் முதலில் தெரிவது அந்த விழித்திரையில்தான், வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: என் தங்கைக்குப் பூச நட்சத்திரத்தில் ஆண் குழந்தை. ஹு, ஹே, ஹோ எழுத்தில் பேர் கிடைக்காமல் அலைகிறோம். உங்கள் புதிரைப் பார்த்து மாப்பிள்ளை ஹெர்மன் என்று வைக்கலாம் என்கிறார், மாமியார் சாப்பிட மாட்டேன் என்கிறார். (வாசகி, பாலிக் பூலாவ்)

பதில்: தாத்தா பேர் என்ன?