கூண்டை விட்டு எடுக்க வேண்டியது குஞ்சை அல்ல

கேள்வி: எங்கள் வீட்டு பட்ஜீஸ் (சிறு கிளி) ஜோடிக்கு 4 குஞ்சுகள். மூத்ததுக்கு 33 நாள், கடைசிக்கு 26. இரண்டு மட்டும் முட்டையிடக் கட்டிய பானையை விட்டு வெளியே வந்துவிட்டன. அவற்றைத் தாய் விரட்டி விரட்டிக் கொத்துகிறது. பிடரியில் இறகே இல்லை, ஒன்றுக்கு ரத்தமும் வந்தது. பானையில் புதிதாக ஒரு முட்டை கிடக்கிறது. குஞ்சுகளை வேறு கூண்டில் போட்டுவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: போடாதீர்கள். 33 நாள் குஞ்சு பறக்கும், தினையைக் கொறித்தும் பார்க்கும். ஆனால் உமி நீக்கி வயிறு நிறையத் தின்ன இன்னும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் பிரித்தால் தட்டு நிறையத் தினை இருந்தும் பட்டினியில் சாகும்.

கொத்துவதற்குக் காரணம் அந்தப் புது முட்டைதான். பெண் அடுத்த ஈட்டுக்கு, அதாவது மறுபடி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க, தயாராகிவிட்டது. பானையில் இடத்தை அடைக்கும் பழைய குஞ்சுகள் அதற்கு இப்போது இடைஞ்சல். வெளியே வந்த குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவது பெரும்பாலும் ஆண்தான். அதனால் அலகுக்கு மேலே மூக்குத் துளை இருக்கும் பகுதி பழுப்பாக இருக்கும் பெண்ணைத் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். அதன் சத்தம் கேட்டால் ஆண் கம்பியிலேயே தொங்கிக்கொண்டு குஞ்சுகளை மறந்துவிடும். முடிந்தால் வேறு அறையில் வையுங்கள். புது முட்டையை எடுத்துவிடுங்கள், அதற்கு ஆசைப்பட்டால் குஞ்சு போய்விடும். பானையில் இருக்கும் சின்னவற்றுக்கு இறகு வந்திருக்கும், ஆண் தனியாகவே வளர்த்துவிடும். கடைசிக் குஞ்சும் வெளியே வந்தபின் பானையைக் கழற்றுங்கள்.

முதல் மூன்று நாள் மாலையில் விளக்கணைக்கும் முன் ஒவ்வொரு குஞ்சின் இரைப்பையையும் தொட்டுப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே, மார்பின் மேற்பகுதியில் இருக்கும். உள்ளே தானியம் நெருடினால் கவலையில்லை. தட்டையாக இருந்தால் ஆண் ஊட்டவில்லை. அன்றிரவே குஞ்சுகளுக்கான ஊட்டு மாவை 39 முதல் 41 டிகிரி சூட்டில் கரைத்து, பழக்கமுள்ளவர் துணையோடு ஊட்ட வேண்டும். சூடு கூடினால் இரைப்பை வெந்துவிடும், குறைந்தால் செரிக்காமல் தேங்கும்.

சில கூண்டுகளில் ஆணே கொத்தும். அப்போது கூண்டின் நடுவே அரை இன்ச் கம்பி வலை கட்டி, பெற்றோரை ஒருபுறமும் குஞ்சுகளை மறுபுறமும் விட்டு, இருபுறமும் வலையை ஒட்டி ஒரே உயரத்தில் குச்சி வையுங்கள். பல பறவைகள் வலை வழியாகவே ஊட்டும். வலையைப் பிடிக்கும் குஞ்சுகளின் விரலைக் கடிக்கிறதா என்று மட்டும் கண் வைத்திருங்கள். கடித்தால் இந்த வழி உதவாது.

தீனியைத் தரையிலேயே, விளிம்பு தாழ்ந்த தட்டில் வையுங்கள். ஊறவைத்து லேசாக முளைவிட்ட தினை, வேகவைத்த முட்டை, கொத்தமல்லித் தழை, முடிந்தால் கதிரோடு தினை. முளைத்த தினையும் முட்டையும் வெயில் காலத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, புளித்துவிடும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும். தட்டில் தினை குறைகிறதா என்று பார்ப்பதைவிட உமி சேர்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் 6 வார வயதுவாக்கில் தானாகத் தின்னத் தொடங்கும். அப்படித் தின்று இரைப்பை நிறைந்த குஞ்சை, மேலும் மூன்று நாள் கழித்துப் பிரிக்கலாம்.

ரத்தம் வந்த இடத்தில் சோள மாவை (கார்ன்ஃப்ளார்) வைத்து இரண்டு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். எண்ணெய், களிம்பு எதுவும் வேண்டாம். இறகில் ஒட்டி உடல் சூட்டைக் குறைத்துவிடும். பறித்த இறகு சில வாரங்களில் முளைத்துவிடும்.

அடுத்த ஈட்டில் மூத்த குஞ்சு நான்கு வாரத்தைத் தொடும்போதே இரண்டாவது பானை ஒன்றை அதே உயரத்தில் கட்டிப் பாருங்கள். சில பெண்கள் அதில் முட்டையிடப் போய், பழைய பானையை விட்டுவிடும். அதற்குப் பிறகும் குஞ்சுகளைக் கொத்தினால், அந்தப் பெண்ணுக்குப் பானையே கட்டாதீர்கள்.