மலைச்சுனை நீரா, விடுதி நீரா?

கேள்வி: சென்ற ஆண்டு ஏப்ரலில் வெள்ளியங்கிரி மலைக்குப் போய்வந்த என் அண்ணன் மகனுக்குத் திரும்பிய நான்காம் நாளே கண் மஞ்சளாகி, பத்து நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. சுனை நீர்தான் காரணம் என்றார்கள். அவனோடு ஒரே கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகன் (19) இந்த மாதக் கடைசியில் அதே மலைக்குப் போகிறான். ஃபில்டர் பொருத்திய தண்ணீர் பாட்டில் வாங்கித்தர நினைக்கிறேன். டிடிஎஸ், ஆல்கலைன், பிளாஸ்டிக் நச்சு என்று இணையத்தில் படிக்கப் படிக்கக் குழப்பமே மிஞ்சுகிறது. எதை வாங்கலாம்? முன்னெச்சரிக்கையாகக் கீழாநெல்லியும் ஒரு அட்டை ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுத்தனுப்பலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: 'நான்காம் நாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லே சுனையின் மீதான பழியைப் போக்கிவிடுகிறது. தண்ணீர் வழியாகப் பரவும் மஞ்சள் காமாலைக்குப் பெரும்பாலும் காரணம் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ என்னும் இரண்டு வைரஸ்கள். இவை உடலுக்குள் புகுந்தபின் நோய் வெளிப்படக் குறைந்தது இரண்டு வாரமாவது ஆகும். ஏ வகைக்குப் பெரும்பாலும் நான்கு வாரம், இ வகைக்கு ஐந்தாறு வாரம். அப்படியானால், தண்ணீரால் வந்த காமாலைதான் அது என்றால், உங்கள் அண்ணன் மகன் பூண்டி அடிவாரத்தில் முதல் படியில் கால் வைத்தபோதே அந்தக் கிருமி அவன் ஈரலில் குடியேறியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரங்களில் அவன் குடித்ததும் தின்றதும் பெரும்பாலும் விடுதியில்தான் இருக்கும். அது விடுதியின் தண்ணீர்த் தொட்டியா, வாசலில் உள்ள ஜூஸ் கடையின் ஐஸ் கட்டியா என்று இங்கிருந்து என்னால் சொல்ல இயலாது. ஆனால் உங்கள் மகன் இன்றும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆகவே பாட்டில் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அண்ணன் மகனின் பழைய மருத்துவ அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அவனுக்கு வந்தது ஏ வகையா, இ வகையா என்பது அதில் இருக்கக்கூடும். ஏ வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஒரே தவணையில் போடுவதும் உண்டு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடுவதும் உண்டு. மகனுக்கு ஏற்கெனவே எதிர்ப்புசக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொண்டும் போடலாம். இ வகைக்கு நம்மிடம் வழக்கத்தில் தடுப்பூசி கிடையாது. கொதிக்கவைத்த தண்ணீரே முதல் காப்பு. அதை விடுதியிலேயே தொடங்க வேண்டும்.

இனி பாட்டில். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ஃபில்டர் பாட்டில்களுக்குள் சேமியாக் கற்றை போன்ற மெல்லிய குழாய்கள் இருக்கும். அவற்றின் சுவரில் உள்ள துளைகள் 0.1 அல்லது 0.2 மைக்ரான் அளவுள்ளவை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களும், அவற்றைவிடப் பெரிய ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளும் இந்தத் துளைகளில் நுழைய முடியாமல் நின்றுவிடும். காமாலை வைரஸ்களோ சுமார் 0.03 மைக்ரான்தான், கோழிவலை வழியாகக் கொசு போவதுபோல் அவை போய்விடும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 99.9999 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் பாக்டீரியாவுக்கான கணக்கு. வைரஸ் என்ற சொல்லும், அதற்கு நேரே 99.99 சதவீதம் என்ற எண்ணும் தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், நீங்கள் எந்த நோய்க்குப் பயந்து வாங்குகிறீர்களோ அந்த நோயை அந்தப் பாட்டில் தடுக்காது.

அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டுமென்பதில்லை. சாதாரண ஃபில்டர் பாட்டிலோடு குளோரின் மாத்திரை அட்டை ஒன்றையும் வாங்கிக்கொடுங்கள். வடிகட்டிய நீரை வேறொரு சுத்தமான பாட்டிலில் பிடித்து, அட்டையில் சொன்ன அளவு மாத்திரையைப் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடித்தால் வைரஸும் ஒழியும்; நீர் சில்லென்று இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். குளோரினுக்குச் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும், ஃபில்டருக்குள் சிக்காத வைரஸைக் குளோரின் கொன்றுவிடும். ஆகவே இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முழுமையாகும். புற ஊதா விளக்கு வைத்த பாட்டில்களும் வைரஸைக் கொல்லும் என்றாலும், நீர் கலங்கலாக இருந்தால் ஒளி ஊடுருவாது. நள்ளிரவில் ஏழு மலைகளில் நான்காவதில் ஏறும்போது பேட்டரி தீர்ந்துபோனால் அது வெறும் பாட்டில்தான்.

உண்மையில், ஓர் இரவில் ஏறி மறுநாள் இறங்கிவிடும் மலைக்கு, வீட்டில் கொதிக்கவைத்து ஆறவைத்த மூன்று லிட்டர் தண்ணீரே முதல் மருந்து. பாட்டிலும் மாத்திரையும் அது தீர்ந்தபின் வேண்டியவை. மலைமேல் உள்ள ஆண்டி சுனையில் பக்தர்கள் குளிப்பதும் வழக்கம் என்பதால், அங்கே பிடிக்கும் நீரை எப்படியும் சுத்திகரித்தே ஆக வேண்டும்.

வாங்கிய பாட்டிலைப் பாழாக்கும் விதத்தையும் நான் பார்த்திருக்கிறேன். என்னோடு மலையேறிய நண்பர் ஒருவர் விலையுயர்ந்த பாட்டிலைச் சுனையில் முழுக்க அமுக்கி நிரப்பினார், மூடியைத் திருகினார், பிறகு உறிஞ்சும் வாய்ப்பகுதியில் வழிந்துகொண்டிருந்த அதே சுனை நீரோடு வாயில் வைத்துக் குடித்தார். உள்ளே இருக்கும் ஃபில்டருக்கு அவர் வேலையே வைக்கவில்லை. வாய்ப்பகுதி நனையாமல் தனிக் குவளையால் மொண்டு ஊற்றச் சொல்லுங்கள்.

மற்றக் கவலைகளை விட்டுவிடலாம். டிடிஎஸ் மீட்டர் நீரில் கரைந்துள்ள உப்பை மட்டும் அளக்கும். சாக்கடை கலந்த நீருக்கும் அது நல்ல எண்ணைக் காட்டக்கூடும். ஆல்கலைன், அதாவது காரத்தன்மை கூட்டிய நீர், என்பது விற்பனைக்காரரின் சொல். உணவுக்கு உகந்த பிளாஸ்டிக்கில் ஒரு நாள் தண்ணீர் குடிப்பதால் மகனுக்கு எதுவும் ஆகிவிடாது.

ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம். அது வைரஸைத் தொடாது; சாதாரண வயிற்றுப்போக்குக்கும் பெரும்பாலும் தேவைப்படாது. அதற்குப் பதில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை வையுங்கள். கீழாநெல்லியை முன்கூட்டியே அரைத்துக் கொடுத்தால் காமாலை வராது என்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டிய காலம், மகன் மலையிலிருந்து இறங்கி, எல்லோரும் அந்தப் பயணத்தையே மறந்துவிட்ட பிறகு வரும் இரண்டாவது வாரம் முதல் இரண்டு மாதம் வரை. விடுதியில் இருக்கும்வரை எந்த மாதமும் கவனம் தேவைதான். சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது, உடம்பு அசதியாக இருக்கிறது, போதுமான தண்ணீர் குடித்தும் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்று அவன் தொலைபேசியில் சொன்னால், கண் மஞ்சளாகட்டும் என்று காத்திருக்காமல் அன்றே ஈரல் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காய்ச்சலுக்கென்று பாராசிட்டமாலை இஷ்டத்துக்கு விழுங்க விடாதீர்கள். நோயுற்ற ஈரலுக்கு அது கூடுதல் சுமை. காமாலை என்று தெரிந்தபின் அவன் பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, ஈரல் செயலிழப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது மந்திரிக்கவோ நாட்டு மருந்துக்கோ அழைத்துச் செல்லாமல், அந்த மணிநேரத்திலேயே தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.